மறைத்த காய்ச்சலும் பாடசாலைச் சுகாதார விதிகளும்

எங்கள் பாடசாலையின் பிரதான கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஓர் அறிவித்தல் பலகை இருக்கிறது. அதில் பத்துச் சுகாதார விதிகள் அச்சிடப்பட்ட ஒரு தாள் நெடுநாளாக ஒட்டப்பட்டிருந்தது. கொரோனா காலத்தில் ஒட்டியது. வெயில் பட்டு எழுத்துகள் மங்கிப் போயிருந்தன. கைகளைக் கழுவுக, முகக்கவசம் அணிக, இடைவெளி பேணுக என்று அது தொடங்கும். ஒன்பதாவது விதி இப்படி இருந்தது: “சுகவீனமாயின் வீட்டில் இருக்கவும், வகுப்பாசிரியருக்கு அறிவிக்கவும்.”

மற்ற ஒன்பது விதிகளையும் நான் ஓரளவு கடைப்பிடித்தேன். இந்த ஒன்றை மீறினேன். தொற்றுநோய்க் காலத்தில் ஒரு மாணவி என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் என் பிழையை ஒளித்துக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது சரியல்ல என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று காலை

நான் பத்தாம் தரத்தில் படித்த ஆண்டு. மூன்றாந் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அன்று கணிதம். சுபஹுக்கு எழும்பும்போதே மேல் காய்ந்தது. முதுகு உளைந்தது. உம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“மகள், மேல் சுடுது. இண்டைக்குப் போக வாணாம்.”

“ஒண்டுமில்ல உம்மா, ராவைக்கு முழிச்சிப் படிச்சதுதான்” என்றேன்.

உம்மா அடுப்படிக்குப் போனதும் அலுமாரியில் இருந்த பெனடோல் இரண்டை எடுத்து விழுங்கினேன். கண்ணாடியில் பார்த்தபோது கழுத்தோரத்தில் இரண்டு, மூன்று சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. நுளம்புக் கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நுளம்புக் கடி அல்ல என்று மனதுக்குத் தெரியும். பர்தா அதை மறைத்துவிட்டது.

ஏன் அப்படிச் செய்தேன்? பரீட்சை ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஆண்டில் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்காத மாணவிகளுக்குப் பரிசளிப்பு விழாவில் சான்றிதழ் வழங்குவார்கள். இன்னும் நான்கு நாட்களே மிச்சம் இருந்தன.

பரீட்சை எழுதினேன். இடைவேளையில் என் தோழியும் நானும் வழமைபோல் ஒரே பெட்டியில் சாப்பிட்டோம். பின்னேரம் வீட்டுக்கு வந்து பர்தாவைக் கழற்றியபோது நெஞ்சிலும் முதுகிலும் நீர் கோத்த கொப்பளங்கள். வைத்தியர் பார்த்தவுடனேயே சொன்னார்: கொப்பளிப்பான்.

பதினைந்தாம் நாள் என் தோழிக்குக் காய்ச்சல் வந்தது. அதே கிழமைக்குள் வகுப்பில் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் என்னிடமிருந்துதான் தொற்றியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நாட்கணக்கு பொருந்தியது. என் தோழியின் உம்மா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மகளுக்குக் கொப்பளிப்பான் என்றதும் அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்கு முந்திய இரண்டு நாட்களும் இருவரும் ஒரே அறையில்தான் படுத்திருந்தார்கள். அவருக்குச் சிறு வயதில் கொப்பளிப்பான் வந்ததா என்று யாருக்கும் திட்டமாக நினைவில்லை. இரத்தப் பரிசோதனை செய்து முடிவு வரும்வரை அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தோழி கேட்டாள்:

“ஒனக்கு முதலே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாய்தானே?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், பரிசோதனையில் அந்தத் தாயின் உடலில் ஏற்கெனவே நோயெதிர்ப்புச் சக்தி இருப்பது தெரியவந்தது. பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. ஆனால் அது என்னுடைய கெட்டித்தனத்தால் நடந்ததல்ல. கர்ப்பிணிக்குக் கொப்பளிப்பான் கண்டால் நுரையீரல் அழற்சி வரை போகலாம். பிரசவத்தை அண்டிய நாட்களில் கண்டால் பிறக்கும் சிசுவின் உயிருக்கே ஆபத்தாகலாம். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான்.

நோய் வகுப்பறைக்குள் நடமாடும் வழிகள்

ஒரு வகுப்பில் நாற்பது பேர் ஆறு மணித்தியாலம் ஒன்றாக இருக்கிறோம். காலையில் ஸ்கூல் வேனில் நெருக்கிக்கொண்டு வருகிறோம். சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கிறோம். ளுஹருக்கு ஒரே குழாய்களில் வுளூச் செய்து ஒரே பாயில் தோள் உரசித் தொழுகிறோம். பின்னேரம் டியூசன் வகுப்பில் வேறு பாடசாலை மாணவிகளுடன் சேர்கிறோம். மாலையில் வீட்டுக்குப் போய்த் தம்பியைத் தூக்குகிறோம், மூத்தம்மாவின் மடியில் சாய்கிறோம். ஆகவே ஒரு மாணவியின் நோய் ஒருபோதும் அவளுடைய நோய் மட்டுமல்ல.

தொற்றுநோய்கள் எல்லாம் ஒரே வழியில் பரவுவதில்லை. வழி தெரிந்தால் விதியின் காரணமும் விளங்கும்.

முதலாவது வழி காற்று. சின்னமுத்து நோயாளி ஒருவர் ஓர் அறையை விட்டுப் போன பின்னரும் இரண்டு மணித்தியாலம் வரை அவருடைய வைரசு அங்கே மிதந்துகொண்டிருக்கக்கூடும். தடுப்பூசி பெறாத, முன்னர் அந்நோய் காணாத பத்துப் பேர் அவருடன் நெருங்கி இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றலாம். கொப்பளிப்பானும் காற்றால் பரவும். கொப்பள நீரைத் தொடுவதாலும் பரவும்.

இரண்டாவது, இருமும்போதும் தும்மும்போதும் கதைக்கும்போதும் தெறிக்கும் துளிகள். இன்புளுவென்சா, கூகைக்கட்டு, கொரோனா என்பன இவ்வாறு பரவும். கொரோனா காற்றோட்டம் இல்லாத அறைகளில் காற்றாலும் பரவும்.

மூன்றாவது, கைகளும் பொருட்களும். கண்நோய் கண்ட ஒருத்தி கண்ணைக் கசக்கிய கையால் கதவுப் பிடியைத் தொடுகிறாள். அடுத்தவள் அதே பிடியைத் தொட்டுத் தன் கண்ணைக் கசக்குகிறாள். அவ்வளவுதான் தேவை. கண்நோய்காரரைப் பார்த்தாலே தொற்றும் என்பது தவறான நம்பிக்கை.

நான்காவது, உணவும் நீரும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரியின் ஒரு வகை ஆகியன மலத்தில் உள்ள கிருமி, கழுவாத கை வழியாகவோ அசுத்தமான நீர் வழியாகவோ வாய்க்குள் போவதால் வருகின்றன.

நம் நாட்டில் அடிக்கடி வரும் டெங்கு இந்த நான்கிலும் சேராது. அது நுளம்பினால் பரவுவது. டெங்கு நோயாளியின் பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் தொற்றாது. அங்கே செய்ய வேண்டியது நோயாளியை ஒதுக்குவதல்ல, நீர் தேங்கும் சிரட்டையையும் யோகட் கோப்பையையும் அகற்றுவது.

புள்ளி தெரிவதற்கு முந்திய நாட்கள்

பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. கிருமி உடலில் புகுந்த நாளும் நோய் வெளியே தெரியும் நாளும் ஒன்றல்ல. இடைப்பட்ட காலத்தை நோயரும்பு காலம் என்பார்கள். இன்புளுவென்சாவுக்கு அது ஒன்று முதல் நான்கு நாட்கள். கொப்பளிப்பானுக்குப் பத்து முதல் இருபத்தொரு நாட்கள். இதனால்தான் என் தோழி பதினைந்தாம் நாள் நோயுற்றாள்.

அதைவிட முக்கியமானது, நோய் வெளியே தெரியுமுன்னரே அது பரவத் தொடங்கிவிடுகிறது என்பது. கொப்பளம் தெரிவதற்கு ஒன்று, இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே கொப்பளிப்பான் தொற்றும். சின்னமுத்து, சிவந்த தழும்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே தொற்றும். இன்புளுவென்சா ஒரு நாள் முன்பிருந்து தொற்றும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, நோயாளியைக் கண்டபின் ஒதுக்குவது மட்டும் போதாது. கை கழுவுதல், யன்னல் திறத்தல் போன்ற விதிகளை யாருக்கும் நோய் இல்லாத நாளிலும் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டு, ஒருத்திக்கு நோய் தெரிந்தவுடன் அதை அறிவித்தால்தான் முந்திய நாட்களில் அவளோடு பழகியவர்கள் எச்சரிக்கையாக இருக்க முடியும். கர்ப்பிணிகளும் புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களும் வைத்தியரிடம் போவதற்கு நேரம் கிடைக்கும். நான் அன்று சொல்லியிருந்தால், என் தோழியின் உம்மாவுக்கு மகளிடமிருந்து விலகி இருக்க இரண்டு கிழமை அவகாசம் கிடைத்திருக்கும்.

எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும்?

பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. வைத்தியரின் ஆலோசனையே முடிவானது. பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கைக் கீழே தருகிறேன்.

சாதாரண காய்ச்சல், இன்புளுவென்சா: மருந்து எடுக்காமலேயே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாதிருக்கும் வரை. “மருந்து எடுக்காமலேயே” என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். பெனடோல் காய்ச்சலைக் குறைக்கும். தொற்றுவதைக் குறைக்காது.

கொப்பளிப்பான்: கொப்பளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. குறைந்தது ஐந்து நாட்கள். பலருக்கு ஒரு கிழமையாகும்.

சின்னமுத்து: தழும்பு தோன்றிய நாளிலிருந்து நான்கு நாட்கள்.

கூகைக்கட்டு: கன்னம் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாட்கள்.

செங்கண்மாரி: கண் மஞ்சளாகிய நாளிலிருந்து ஒரு கிழமை.

வயிற்றோட்டமும் வாந்தியும்: கடைசியாகப் போய் 48 மணித்தியாலம் கழியும் வரை.

கண்நோய்: கண்ணிலிருந்து பீளையும் நீரும் வடிவது நிற்கும் வரை.

இத்தனை நாள் வராவிட்டால் வரவு குறையுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்றுவதற்கு 80 சதவீத வரவு வேண்டும் என்பது உண்மை. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டில் 200 பாடசாலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 40 நாட்கள் வராவிட்டாலும் 80 சதவீதம் இருக்கும். கொப்பளிப்பானுக்கு வேண்டியது ஒரு கிழமை. அந்த ஒரு கிழமை யாருடைய உயர்தரத்தையும் கெடுக்காது.

அன்றாட விதிகளும் அவற்றின் காரணங்களும்

கை கழுவுதல்: சவர்க்காரம் இட்டு, விரலிடுக்குகளும் நகக்கண்ணும் படும்படி 20 செக்கன் தேய்க்க வேண்டும். கொரோனா, இன்புளுவென்சா போன்ற வைரசுகளின் வெளியுறை கொழுப்பாலானது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல் சவர்க்காரம் அந்த உறையைச் சிதைத்துவிடும். மற்றக் கிருமிகளையும் தோலிலிருந்து கழற்றி நீரோடு அனுப்பும். நாம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை வுளூச் செய்கிறோம். அது போதாதா என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். வுளூ வணக்கத்துக்கான தூய்மை. சவர்க்காரம் செய்யும் வேலையை வெறும் நீர் செய்யாது. மலசலகூடம் போய் வந்த பின்னும் சாப்பிடுவதற்கு முன்னும் சவர்க்காரம் வேண்டும்.

கை கழுவுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1847இல் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கடமையாற்றினார். அங்கே வைத்தியர்கள் பிரசவம் பார்த்த விடுதியில் ஏராளமான தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். பிணங்களை அறுத்துப் பார்த்த கையுடன் வைத்தியர்கள் பிரசவ விடுதிக்கு வருவதே காரணம் என்று அவர் கண்டார். குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி பணித்தார். நூற்றுக்குப் பத்து அளவில் இருந்த மரணம் அடுத்த ஆண்டில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. ஆயினும் வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கைதான் தாய்மாரைக் கொன்றது என்பதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. இதை வாசித்தபோது அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கழுத்தோரத்துப் புள்ளியை நுளம்புக் கடி என்று சொல்லிக்கொண்டவள் நான்.

இருமலும் தும்மலும்: லேஞ்சியிலோ மடித்த முழங்கையிலோ இரும வேண்டும். நம்மில் பலர் பர்தாவின் நுனியை இழுத்து வாயைப் பொத்துகிறோம். பிறகு அதே நுனியை நாள் முழுக்கக் கையால் சரிசெய்துகொண்டிருக்கிறோம். பர்தா முகக்கவசம் ஆகாது. தொற்றுக் காலத்தில் மூக்கும் வாயும் முழுதாக மூடும் கவசத்தை உள்ளே அணிந்து, பர்தாவையும் நாளாந்தம் மாற்றித் துவைக்க வேண்டும்.

யன்னல்கள்: மழை என்றும் வெயில் என்றும் யன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் போட்டால், உள்ளிருக்கும் காற்றுத்தான் சுழலும். யன்னலைத் திறப்பது செலவில்லாத மருந்து.

பகிர்தல்: பகிர்ந்து உண்பது நமது நல்ல பழக்கம். விருந்துகளில் ஒரே சஹனில் ஐந்தாறு பேர் கை போட்டுச் சாப்பிடுவதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. தொற்றுநோய் பரவும் நாட்களில் மட்டும் தனித் தட்டில் பரிமாறிக்கொள்வோம். தண்ணீர்ப் போத்தல், லேஞ்சி, சுர்மா, சீப்பு, தொழுகை உடை ஆகியவற்றை எந்நாளும் தத்தமதாகவே வைத்திருப்போம். முஸாபஹாவுக்குப் பதிலாக வாயால் சொல்லும் ஸலாமும் ஸலாம்தான்.

நோய் விசாரித்தல்: நோயாளியைப் பார்க்கப் போவது நன்மை தரும் செயல். ஆனால் தொற்றுநோயாளியை நண்பிகள் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கப் போனால், திரும்பி வரும்போது நோயையும் கூட்டிவருவார்கள். தொலைபேசியில் கதையுங்கள். அன்றைய பாடக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்புங்கள். நோயில் கிடப்பவளுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளைக்குப் பெனடோல் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால் பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்துகளை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. கொப்பளிப்பானிலும் இன்புளுவென்சாவிலும் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுப்பது மூளையையும் ஈரலையும் தாக்கும் ஓர் அபூர்வ நோய்க்கு வழிவகுக்கலாம்.

கொப்பளிப்பான் கண்டவுடனே வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தேவை என்று கண்டால் அவர் வைரசுக்கு எதிரான மருந்து தருவார். கொப்பளம் தோன்றி 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் நல்ல பயன். மறைக்கும் நோய் மறைப்பவரையும் வருத்தும் என்பதற்கு இது ஓர் உதாரணம். குளிக்க வார்க்கக் கூடாது என்ற பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். உடலைச் சுத்தமாக வைத்து, நகத்தை ஒட்ட வெட்டினால் கொப்பளங்கள் சீழ் கட்டாது.

பிள்ளையின் தடுப்பூசிப் பதிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிரான தடுப்பூசி நம் நாட்டில் ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் இலவசமாகப் போடப்படுகிறது. இலங்கையில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆயினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஊசி தவறவிட்டவர்களைத் தேடித்தான் அந்த நோய் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையைச் சொல்லுங்கள். விடுமுறைக் கடிதத்தில் “குடும்பத் தேவை” என்று எழுத வேண்டாம். நோயின் பெயரை எழுதுங்கள். பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு டியூசனுக்கு அனுப்பவும் வேண்டாம்.

சொல்வதைச் சுலபமாக்குவது

ஏன் மறைக்கிறோம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். 2020இல், மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டு நாங்கள் வீடுகளில் அடைந்திருந்தோம். பிறகு வந்த மாதங்களில் தொற்றாளர்களுடன் பழகியவர்களின் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ஒட்டினார்கள். அந்த அறிவித்தல் பாதுகாப்புக்காக ஒட்டப்பட்டது. ஆனால் நாங்கள் அதைக் குற்றப் பத்திரிகை போலப் பார்த்தோம். அந்த வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பினோம். பதினான்கு நாள் முடிந்த பின்னும் அந்த வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டில் சேர்க்கவில்லை. அதைப் பார்த்த அயலவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? காய்ச்சல் வந்தால் யாருக்கும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நோயைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். நானும் மறைக்கக் கற்றுக்கொண்டது அந்த ஒழுங்கையில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நம் வரலாற்றில் இதற்கு மாறான ஒரு முன்மாதிரி இருக்கிறது. கலீபா உமர் (ரழி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணமானபோது, ஸர்ஃ என்ற இடத்தில் படைத் தளபதிகள் எதிரே வந்து அங்கு கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிவித்தார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு அதைச் சொல்கிறது. உமர் அவர்கள் பலரிடமும் ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவுசெய்தார்கள். இது இறைவிதியிலிருந்து ஓடுவதாகாதா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் அந்தச் சந்தர்ப்பத்தில்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. இந்தச் சம்பவத்தைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தளபதிகளை நாம் கவனிப்பதில்லை. அவர்கள் வழியிலேயே வந்து உள்ளதை உள்ளபடி சொன்னதால்தான் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

பாடசாலையும் இதற்கு உதவலாம். வரவுக்கான சான்றிதழைக் கணிக்கும்போது வைத்தியச் சான்றிதழுடன் எடுத்த விடுமுறையை ஒதுக்கிவிடலாம். நோயுற்றவளின் பெயரைக் காலைக் கூட்டத்தில் சொல்லாமல், “இந்த வகுப்பில் இந்த நோய் கண்டிருக்கிறது, இவற்றைக் கவனியுங்கள்” என்று பெற்றோருக்கு அறிவிக்கலாம். ஒரே வகுப்பில் இரண்டு, மூன்று பேருக்கு ஒரே நோய் கண்டால் தாமதியாமல் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ தெரிவிக்க வேண்டும். தொற்றுநோய்களை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1897ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

ஒன்பதாவது விதி

அடுத்த ஆண்டு முதலாந் தவணை தொடங்கி இரண்டாம் நாள், நூலகத்தில் வைத்து என் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் மேல் காய்ந்ததையும், புள்ளியைப் பார்த்ததையும், பெனடோல் விழுங்கியதையும், சான்றிதழையும். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

“அந்த நாலு நாளுக்கு என்ன செஞ்ச?” என்று கேட்டாள்.

“ஆப்சன்ட்தான். சான்றிதழும் இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

இந்த ஆண்டு சுகாதாரக் கழகத்தின் சார்பில் நாங்கள் இருவரும் அந்த மங்கிய தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினோம். விதிகள் பத்தும் அப்படியேதான் இருக்கின்றன. வரிசையை மட்டும் மாற்றினோம். “சுகவீனமாயின் வீட்டில் இருக்கவும், வகுப்பாசிரியருக்கு அறிவிக்கவும்” என்பது இப்போது முதலாவது விதி.

அன்புச் சகோதரிகளே, அடுத்த முறை காலையில் மேல் காய்ந்தால் கண்ணாடியைப் பார்க்குமுன் உம்மாவைக் கூப்பிடுங்கள்.